பச்சைக் குறி வருவதற்கு முன்

"திரும்பவும் சொல்றேன், நான் தூங்கல."

"நீங்க தூங்கினீங்கன்னு யாரும் சொல்லலைங்க, மேடம்."

"உங்க கம்பெனி மெயில்ல அப்படித்தான் இருக்கு. கவனக்குறைவாம். கவனம் எப்போ குறையும்? தூங்கினா குறையும், இல்ல போனை நோண்டினா குறையும். நான் ரெண்டும் செய்யல. கொஞ்சம் பாத்து உக்காருங்க, அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும். நீங்க விழுந்தா அதையும் என் தலையில கட்டிடுவாங்க."

அவன் ஸ்டூலை மேசையோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான். மடிக்கணினியைத் திறந்தான். எதிரே மருத்துவமனையின் கணினி, அதன் பக்கத்தில் ஸ்கேனர், அதற்கும் பக்கத்தில் ஒரு தாங்கியில் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். குழாய்களில் ரத்தம் இல்லை, தண்ணீர்தான். அவன் கேட்டு வாங்கி நிரப்பியது. உண்மையான குழாய்கள் அறையின் மறுகோடியில் வேறொருவர் கையில் இருந்தன. போன வாரத்திலிருந்து இந்த அம்மாள் நோயாளிகளின் குழாய் எதையும் தொடக்கூடாது என்று உத்தரவு.

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் எக்ஸ்பிரஸ். மற்ற டெக்னீஷியன்கள் பாதித் தாங்கியை முடிப்பதற்குள் அவள் முழுத் தாங்கியை முடித்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவாள் என்று வாசலில் இருந்த காவலாளிகூட அவனிடம் சொல்லியிருந்தார். அந்தப் பெயரே இப்போது அவளுக்கு எதிராக நின்றது. வேகமாகச் செய்தால் தப்பு வரத்தானே செய்யும் என்றார்கள்.

நடந்தது இதுதான். மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டிய ஒரு மனிதருக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் மிகக் குறைவு என்று கணினியில் முடிவு வந்தது. வார்டில் அவருடைய கட்டிலுக்கு ரத்தப் பையைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆப்பிளைக் கடித்துக்கொண்டு கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தவரைப் பார்த்து நர்ஸுக்குச் சந்தேகம் வந்ததால் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அவருக்கு ஒன்றுமில்லை. கணினியில் அவர் பெயரில் இருந்தது வரிசையில் அவருக்கு அடுத்து வந்த குழாயின் அளவு. பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரே முடிவுதான் தோன்றியது: அடுத்தவருடைய அளவை முந்தினவருக்கு அடித்திருக்கிறாள். இன்று மூன்று மணிக்குக் கூட்டம். அவள் இங்கே இருப்பாளா, மாட்டாளா என்று அதில் முடிவு செய்வார்கள்.

அந்தக் கணினியில் ஓடும் மென்பொருள் அவனும் அவன் அக்காவும் நடத்தும் கம்பெனியுடையது. கம்பெனி என்றால் டயர் கடைக்கு மேலே ஒரு வீடு, அதில் முன்னறை. அக்கா எழுதுவாள், அவன் சோதிப்பான், ஊர் ஊராகப் போய் நிறுவுவான். மென்பொருளில் பிழை இல்லை, கவனக்குறைவுதான் என்று அந்த மெயிலை எழுதியதும் அக்காதான். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் அவன் படித்தான்.

"ஆரம்பிக்கலாமா, சின்ன சார்?" என்றாள் எக்ஸ்பிரஸ். "இல்ல, அதை முறைச்சுப் பாத்தே பயமுறுத்தப் போறீங்களா?"

அவன் ஆரம்பித்தான். குழாயை ஸ்கேனரிடம் காட்டினான். திரையில் குழாயின் எண் வந்தது. கற்பனையாக ஒரு அளவை அடித்தான். என்டர். அந்தத் தகவல் சுவருக்கு அப்பால் துடைப்பமும் வாளியும் வைத்திருக்கும் அறையில், ஒரு பலகைமேல் உட்கார்ந்திருக்கும் சர்வருக்குப் போனது. பதிவாகிவிட்டது என்று திரையின் மூலையில் பச்சைக் குறி வந்தது. அடுத்த குழாய். அளவு. என்டர். பச்சைக் குறி. அடுத்தது.

தாங்கி முடிந்தது. எல்லாம் சரி.

மறுபடி முதலிலிருந்து. எல்லாம் சரி.

இதே போல நான்கு நாளாக அலுவலகத்திலும் செய்து பார்த்திருந்தான். அங்கே எந்தத் தப்பும் வரவில்லை. வராததுதான் சிக்கல். ஏதாவது ஒன்று உடைந்து கிடந்தால் அதை எடுத்துக் காட்டலாம். உடையாத ஒன்றை எப்படிக் காட்டுவது? ஸ்கேனரை மாற்றிப் பார்த்தான். கேபிளைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு விசையையும் ஒவ்வொரு அசைவையும் புரோகிராமே எழுதி வைக்கும்படி லாகை முடுக்கிவிட்டான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வகுப்பைக் கவனிக்க ஒருவனை நிறுத்தினால் எல்லாப் பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருமே, அப்படி உட்கார்ந்தது புரோகிராம். வரிக்கு வரி ஒழுங்கு.

கைபேசி அடித்தது. அக்கா.

"கிடைச்சுதா?"

"இல்லக்கா."

"அப்போ இல்லைன்னு அர்த்தம். கிளம்பி வா."

"இன்னும் கொஞ்சம் பாக்குறேனே."

"என்னத்தைப் பாப்பே? இல்லாத பேயைத் தேடினா எந்த இருட்டும் பேயாத்தான்டா தெரியும். ஏய், அந்த டேப்பை வாயில வைக்காத, துப்பு!" கடைசி வாக்கியம் அவள் மகளுக்கு. "சரி, ஒரு மணிக்குள்ள வந்துடு."

அவன் கைபேசியை மேசைமேல் குப்புற வைத்தான். எக்ஸ்பிரஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அக்காவா?"

"ம்."

"குரல் இங்க வரைக்கும் கேட்டுச்சு. பேய் நான்தானே?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ்கள் நிற்கும் முற்றத்தில் யாரோ குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஓடும் நீரில் ஒரு கணம் வானம் முழுவதும் விழுந்து, சாக்கடைக்குள் வழிந்து போனது. அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு குழாயைக் காட்டினான். அளவு. என்டர். காத்திருந்தான். பச்சைக் குறி.

"ஐயோ சாமி!" என்றாள் எக்ஸ்பிரஸ். "இப்படியா செய்வாங்க? நீங்க ஒரு தாங்கி முடிக்கிறதுக்குள்ள பேஷன்ட் குணமாகி வீட்டுக்கே போயிடுவான். எந்திரிங்க."

"நீங்க தொடக்கூடாதுன்னு..."

"ரத்தத்தைத்தான் தொடக்கூடாது. தண்ணியைத் தொடக்கூடாதுன்னு யாரும் சொல்லல."

அவன் எழுந்தான். லாகை நிறுத்தினான். அது ஓடும்போது திரை கொஞ்சம் மந்தமாக நகர்ந்தது. அந்த மந்தத்தை அவள் பொறுத்துக்கொள்ள மாட்டாள் என்று தோன்றியது. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு அளவைக் காகிதத்தில் எழுதிக் குழாய்களின் முன்னால் வைத்தான்.

அவள் உட்கார்ந்த விதமே வேறாக இருந்தது. ஸ்டூலின் ஆடும் கால் அவளிடம் ஆடவில்லை. இடது கை குழாயை எடுத்துக் காட்டியது, வலது கை அளவை அடித்தது, என்டரைத் தட்டிய விரல் எழுவதற்கு முன்பே இடது கை அடுத்த குழாயைக் காட்டிவிட்டது. வலது கை அதற்குள் அடுத்த அளவில் இருந்தது. திரையின் மூலையில் பச்சைக் குறி, ஓடும் பேருந்தைத் துரத்துகிறவரைப் போல, எப்போதும் ஒரு குழாய் பின்னால் வந்தது.

"நில்லுங்க, நில்லுங்க."

"என்ன?"

"பச்சைக் குறி வர்றதுக்குள்ள ஏன் அடுத்ததைக் காட்டுறீங்க?"

"இது என்ன கேள்வி? எல்லாரும் அப்படித்தான் செய்வோம். முன்னாடி என்டர் அடிச்சா உங்க ஸ்கிரீன் செத்த பொணம் மாதிரி உறைஞ்சு நிக்கும், ஞாபகம் இருக்கா? அந்த நேரத்துல சும்மா உக்காந்து கொட்டாவி விடச் சொல்றீங்களா? அடுத்த குழாயைக் காட்டி, அளவையும் குருட்டாம்போக்குல அடிச்சு வச்சிருவோம். அது முழிச்சதும் வரிசையா எல்லாத்தையும் எடுத்துக்கும். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல."

"இப்போதான் உறையறதில்லையே."

"ஆமா, இப்போ நல்லாருக்கு. அதுக்கு உங்க அக்காவுக்கு நானே போன் பண்ணி நன்றி சொன்னேன். ஆனா கை பழகிப்போச்சு. கைகிட்ட போய் யாரு சொல்றது?"

அவன் சர்வரில் போய்ப் பதிவான அளவுகளைத் தன் மடிக்கணினியில் திறந்தான். காகிதத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தான். சரி. சரி. சரி. ஏழாவது குழாயில் விரல் நின்றது. ஏழாவதின் பெயரில் எட்டாவதின் அளவு இருந்தது. எட்டாவதிலும் எட்டாவதின் அளவே இருந்தது.

நான்கு நாளாகத் தேடிய முகம் கூட்டத்தில் ஒரு நொடி திரும்பிப் பார்த்தது போலிருந்தது.

"என்ன சார், முகம் வெளுத்துப் போச்சு? உங்களுக்கும் ரத்தப் பை வரவழைக்கணுமா?"

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். அவள் காகிதத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். நக்கலுக்கு வாய் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். "நான் சரியாத்தானே அடிச்சேன்?" என்றாள். "நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"வீட்ல யாருக்கும் சொல்லல, தெரியுமா? தினமும் இந்தக் கோட்டை மாட்டிக்கிட்டு வந்து ஸ்டோர் ரூம்ல பஞ்சு எண்ணிட்டுப் போறேன். மாமியார்கிட்ட சொன்னா ரேடியோவுல சொன்ன மாதிரி. எனக்கே ஒரு கட்டத்துல, ஒருவேளை நாமதான் மாத்தி அடிச்சோமோன்னு..." அவள் குழாய்களைத் தாங்கியில் நேராக்கினாள். நேராகவே இருந்தவற்றை.

அவன் அக்கா எழுதிய புரோகிராமைத் திறந்து படிக்க ஆரம்பித்தான். எங்கே தேட வேண்டும் என்று இப்போது தெரிந்ததால் அதிக நேரம் ஆகவில்லை.

முன்பு அந்தப் புரோகிராமில் வேலை செய்தது ஒரே ஒரு ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். என்டர் அடித்ததும் அவனே சர்வரிடம் ஓடுவான். திரும்பி வரும்வரை கவுன்டரில் ஆள் இல்லை, திரை உறைந்து நிற்கும். வெளியே யார் என்ன சொன்னாலும் அது வரிசையில் காத்திருக்கும். ஆகவே தப்பு நடக்க வழியில்லை. திரை உறைகிறது என்று இந்தக் கூடத்திலிருந்து புகார்மேல் புகார் போனதும், அக்கா இரண்டாவதாக ஒரு ஆளை, அதாவது இன்னொரு த்ரெட்டை, உள்ளே விட்டாள். ஒருவன் கவுன்டரிலேயே இருப்பான், இன்னொருவன் பின்வாசல் வழியாக ஓடுவான். நல்ல யோசனைதான். ஆனால் ஓடுகிறவன் கிளம்பும்போதே அளவைக் கையில் எடுத்துக்கொண்டு போகவில்லை. குழாயின் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போய், அப்படி ஒரு குழாய் உண்டா என்று சர்வரிடம் விசாரித்துவிட்டு, உண்டு என்ற பதில் கிடைத்த பிறகுதான் அளவைக் கவுன்டரிலிருந்து எட்டி எடுத்தான். அதற்குள் கவுன்டரில் எக்ஸ்பிரஸ் அடுத்தவருடைய அளவை வைத்துவிட்டிருப்பாள்.

அலுவலகத்தில் சர்வர் அதே மேசைமேல் இருந்தது. கேட்டவுடன் பதில் வரும். இங்கே காலையில் எல்லா வார்டுகளும் ஒரே நேரத்தில் முடிவுகளைக் கேட்கும்போது சர்வர் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கும் சர்வரும் பறக்கும் கையும் சந்திக்கிற இடத்தில் மட்டுமே தப்பு நடந்தது. லாக் ஓடினால் கை மெதுவாகிவிடும். பச்சைக் குறிக்குக் காத்திருந்து அவன் சோதித்தால் பறக்கும் கையே கிடையாது.

லேப் டாக்டரை அழைத்து வந்தான். தலை நரைத்த, நிதானமான மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் பின்னால் நிற்க, எக்ஸ்பிரஸ் முழுத் தாங்கியையும் ஓட்டினாள். எல்லாம் சரி. மறுபடி ஓட்டினாள். எல்லாம் சரி. அவள் காது மடல் சிவந்துகொண்டே வந்தது. காலை நெரிசல் முடிந்திருந்தது. வார்டுகள் ஓய்ந்திருந்தன. சர்வர் மணி மணியாகப் பதில் சொன்னது. வீட்டுக்கு விருந்தாளி வந்ததும் சண்டையை நிறுத்திவிட்டுச் சிரிக்கும் குடும்பத்தைப் போல எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவனுக்கு மேசையை உதைக்க வேண்டும் போலிருந்தது.

"இருங்க சார், ஒரு நிமிஷம்."

சர்வர் பதில் சொல்வதற்கு முன் சிறிது தயங்கும்படி ஒரு வரி சேர்த்தான். "இப்போ ஓட்டுங்க மேடம்."

இந்த முறை கடைசிக் குழாயைத் தவிர எல்லாமே தப்பு. முதல் குழாயில் இரண்டாவதின் அளவு, இரண்டாவதில் மூன்றாவதின் அளவு, இப்படியே வரிசையாக.

"பாத்தீங்களா சார்!" என்றான்.

டாக்டர் கண்ணாடியை இறக்கினார். "தம்பி, நீங்க இப்ப உள்ள எதையோ மாத்தினீங்க. அப்புறம் தப்பு வந்துச்சு. மாத்தறதுக்கு முன்னாடி வரல. நான் என்னன்னு எடுத்துக்கிறது?"

"இல்ல சார், நான் சர்வரை மெதுவாக்கினேன், அவ்வளவுதான். காலையில அது தானாவே மெதுவா இருக்கும்."

"தானா வரட்டும், நான் பாக்குறேன்."

"அதுக்கு நாளைக் காலை வரைக்கும் காத்திருக்கணும் சார். வந்தாலும் ஒண்ணு ரெண்டுதான் வரும்."

"கூட்டம் இன்னிக்கு." அவர் எக்ஸ்பிரஸைப் பார்க்காமல் சொன்னார். "எனக்கு இந்தப் பொண்ணைப் பிடிக்காதுன்னு நினைக்காதீங்க. இவ கைதான் இந்த லேபுக்கே கை. ஆனா அங்க என் முன்னாடி வைப்பாங்களே, அது உங்க கம்பெனி எழுதினது. எங்க மென்பொருள்ல பிழை எதுவும் இல்லன்னு உங்க அக்கா கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காங்க. நீங்க இங்க நின்னு வேற சொல்றீங்க. ரெண்டு பேர்ல நான் யாரை நம்பறது? அவங்க வாயால சொல்லட்டும். மூணு மணிக்கு முன்னாடி சொல்லட்டும். நான் கூட்டத்துல படிச்சுக் காட்டுறேன்."

அவர் போனதும் எக்ஸ்பிரஸ் எழுந்து தண்ணீர்க் குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்த்தாள். "உங்க அக்கா சொல்லுவாங்களா?" என்றாள், முதுகைத் திருப்பிக்கொண்டே.

அவன் தாழ்வாரத்துக்கு வந்தான். நடந்ததையெல்லாம் அக்காவிடம் சொன்னான். மறுமுனையில் விசைப்பலகையின் ஓசை கேட்டது, பிறகு அதுவும் நின்றது. புரோகிராமைத் திறந்துவிட்டாள். தன் எழுத்தைத் தானே படிக்கும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

"ம்," என்றாள் கடைசியில். "அளவை முதல்லயே எடுத்து வச்சிருக்கணும்."

"ஆமாக்கா."

"சின்ன விஷயம்டா. பத்து நிமிஷ வேலை. இப்பவே சரி பண்ணி, எல்லா லேபுக்கும் இன்னிக்கே அனுப்பிடறேன். புது வெர்ஷன், திரை இன்னும் வேகமாயிருக்கும்னு சொல்லிக்கலாம்."

"இங்க என்ன சொல்றது?"

"என்ன சொல்லணும்? இனிமே வராது. அது போதாதா?"

"மூணு மணிக்கு அவங்களை வேலையை விட்டு எடுக்கப் போறாங்க."

"மேனுவல்ல தெளிவா எழுதியிருக்கு. பச்சைக் குறி வந்த பிறகுதான் அடுத்த குழாய்னு. அதை மீறினது யாரு?"

"அக்கா, உறையற ஸ்கிரீனைக் கொடுத்து அவங்க கையை அப்படிப் பழக்கினதே நாமதான். நாலு வருஷமா பழக்கிட்டு, சொல்லாம கொள்ளாம மாத்தினோம்."

"அவங்க கேட்டாங்க, மாத்தினேன். மாத்தினதுக்கு நன்றியும் சொன்னாங்க. இப்போ நீ வக்கீல் மாதிரி வர்றே." அவள் குரல் இறங்கியது. "இதே வெர்ஷன் எத்தனை லேப்ல ஓடுதுன்னு உனக்கே தெரியும். ஒரு இடத்துல ஒத்துக்கிட்டா எல்லாரும் கேப்பாங்க. எங்களுக்கும் இப்படி ஆச்சா, எந்த பேஷன்ட்டுக்கு ஆச்சுன்னு ஒவ்வொருத்தனும் போன் பண்ணுவான். நான் என்ன பதில் சொல்லுவேன்? எனக்குத் தெரியாதுடா. எத்தனை தடவை ஆச்சுன்னு எனக்கே தெரியாது."

"அதனாலதான் சொல்லணும்."

"நீ சொல்லு. உனக்குத்தான் நல்லா வாய் இருக்கே."

"நான் சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கறார். உன் கையெழுத்துதான் அங்க இருக்கு."

பின்னணியில் குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது. டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் ஓடி நின்றது. அந்த அறையை அவனால் பார்க்க முடிந்தது. திறந்து கிடக்கும் அவள் கணினி, அதன்மேல் மங்கலாகத் தெரியும் அவள் முகம்.

தாழ்வாரத்தின் கோடியில் கூட்ட அறையின் கதவைத் திறந்து யாரோ நாற்காலிகளை உள்ளே இழுத்துப் போட்டார்கள். எக்ஸ்பிரஸ் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு பரிசோதனைக் கூடத்திலிருந்து வெளியே வந்தாள். அவனைப் பார்த்தாள். புருவத்தைத் தூக்கி, என்ன ஆச்சு என்பது போலக் கையைத் திருப்பினாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கைபேசியைக் காதோடு அழுத்தினான்.

"அக்கா, கேக்குதா? டாக்டரோட நம்பரை இப்பதான் உனக்கு அனுப்பியிருக்கேன். பெரிசா ஒண்ணும் சொல்ல வேணாம். இதுல அந்தம்மா தப்பு இல்லன்னு மட்டும் சொல்லு. அவங்க உள்ள போறதுக்கு முன்னாடி, தயவுசெஞ்சு, நீயே அவருக்குப் போன் பண்ணுக்கா."